போதகர் லவுரியின் கடைசி வாரிசு

அத்தியாயம் 9

பெட்ரோல் பங்க் தொலைபேசிக் கூண்டிலிருந்து கோஸ்கோ வெளியே வந்தபோது அவன் வாயில் ஜோக் இல்லை. அதைப் பார்த்ததுமே ஹெஸ்டர் காரை விட்டு இறங்கினாள்.

"என்ன ஆச்சு?"

"வெர்னா ஸ்ட்ரவுட் வீட்டுக்குப் போன் போட்டேன் மேடம். பக்கத்து வீட்டுக்காரம்மா எடுத்தாங்க. வீட்டை ஒழிச்சிட்டு இருக்காங்களாம்."

"ஏன்?"

"வெர்னாவைத் திங்கக்கிழமை அடக்கம் பண்ணியாச்சு. ராத்திரி சமையலறையில கேஸ் கசிஞ்சுதாம். தூக்கத்திலேயே போயிட்டாங்களாம்."

ஹெஸ்டர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பனி, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த சோளக்காட்டை முழுதாக விழுங்கியிருந்தது. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட்டுக்கொண்டு லாரிகள் போயின.

போன வாரம் கிளெமென்ட் ரட். வீலிங் நகரத்தில் மாடிப்படியில் உருண்டு கழுத்து முறிந்தது. எழுபது வயதுக் கிழவர், கொஞ்சம் குடிப்பவர், விழுந்திருப்பார் என்று ஹெஸ்டரும் கோஸ்கோவும் நம்பினார்கள். இப்போது வெர்னா.

செத்த இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றுதான். ஹெஸ்டர் அவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள்.

ஹெஸ்டர் கில்ஃபிலன் பல வருஷம் இன்ஷூரன்ஸ் மோசடிகளைத் துப்பறிந்தவள். பொய்க்கால் போட்டு நடித்தவர்களையும் சொந்தக்காரரே கொளுத்திய கடைகளையும் பார்த்துச் சலித்துப்போய், செத்தவர்களைத் தேடும் வேலைக்கு வந்தாள். யாருக்கு யார் பாட்டன், யார் எங்கே போனார், யார் வம்சம் மிஞ்சியிருக்கிறது? 'செத்தவங்க பொய் சொல்ல மாட்டாங்க, சுடவும் மாட்டாங்க' என்று அவள் சொல்வாள். கோஸ்கோ அவளுடைய உதவியாளன். எஃகு ஆலை மூடியபோது வேலை போனவன். கார் ஓட்டுவான், போன் பேசுவான், வாயை மட்டும் மூடமாட்டான்.

மூன்று வாரம் முன்பு ப்ரெண்டிஸ் கால்ட் அவர்களைத் தேடி வந்தார். லவுரி குன்று சபையின் மூப்பர். வெள்ளை மீசை, தேய்த்த கோட்டு, மெல்லிய குரல். அந்தச் சபையில் ஆள் குறைந்து, போன வருஷம் ஆராதனையே நின்றுபோனது. கதவைப் பூட்டும் முன் கடைசியாக ஒரு விருந்து, அதில் சபையை நிறுவிய போதகர் ஜெடிடயா லவுரியின் வாரிசுகள் எல்லாரும் உட்கார வேண்டும், இதுதான் அவர் ஆசை. "என் உடம்பிலும் அவர் ரத்தம்தான் ஓடுது. ரெண்டாவது மனைவியோட மகள் ராகேல் வழி நான். முதல் மனைவி பிள்ளைகள் என்ன ஆனாங்கன்னுதான் தெரியல. பாத்துக் குடுங்கம்மா."

ஹெஸ்டர் பார்த்துக் கொடுத்தாள். அலிகெனி மலைக்கு இந்தப் பக்கம் வெறும் காடாக இருந்த காலத்தில், சேணப்பையில் வேதாகமத்தை வைத்துக் குதிரையில் வந்தவர் லவுரி. சம்பளத்தைப் பாதி சாராயமாகத்தான் வாங்கினார். ("எங்க சாமியாரும் அப்படி இருந்திருந்தா நான் ஒரு ஞாயித்துக்கிழமைகூட விட்டிருக்க மாட்டேன்" என்றான் கத்தோலிக்கனான கோஸ்கோ.) அவர் தூரத்துக் குடியிருப்புகளுக்குப் பிரசங்கம் செய்யப் போயிருந்தபோது முதல் மனைவி கெசியா காய்ச்சலில் செத்துப்போனாள். வந்த இரண்டாம் மனைவி மூத்தாள் பிள்ளைகளை வைத்துக்கொள்ள மறுத்தாள். மூன்று பிள்ளைகள் மூன்று வீடுகளுக்குப் போனார்கள். போகும்போது ஒவ்வொரு பிள்ளையின் துணி ஓரத்திலும் ஒரு ஈய வில்லையை வைத்துத் தைத்துவிட்டார் போதகர். திருவிருந்துக்கு வருகிறவர்கள் நல்லவர்கள்தான் என்று மூப்பர்கள் அந்தக் காலத்தில் கொடுத்த வில்லை அது. சதுரம், கட்டைவிரல் நகம் அளவு, மேலே ஜே.எல். என்று இரண்டு எழுத்து.

மூன்று கிளைகளும் பரவி, இற்று, கடைசியில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினார். கிளெமென்ட் ரட். வெர்னா ஸ்ட்ரவுட். மூன்றாவது ஆள் யார் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. மலை முகட்டில் செம்மறி வளர்க்கும் அல்மீடா டார்.

"நான் பேரைக் கண்டுபிடிக்கிறேன்" என்றாள் ஹெஸ்டர். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "யாரோ என் பின்னாடியே வந்து ஆளை முடிச்சிட்டுப் போறாங்க."

"போலீஸ்?"

அவள் கூண்டுக்குள் போய்ப் பேசினாள். இரண்டு வேறு மாநிலத்தில் இரண்டு விபத்து, இதில் எங்கள் மாவட்டத்துக்கு என்னம்மா வேலை என்று ஒரு கொட்டாவிக் குரல் கேட்டது. வைத்துவிட்டு இன்னொரு எண்ணைச் சுழற்றினாள்.

"மிஸ்டர் கால்ட், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்குங்க. போதகரோட வாரிசுகளை யாரோ ஒவ்வொருத்தரா கொல்றாங்க. நீங்களும் அந்த வம்சம்தானே!"

அந்தப் பக்கம் மூச்சு நின்று வந்தது. "கடவுளே... நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"மூணாவது ஆள் வீட்டுக்குப் போயிட்டு இருக்கோம். ஷீப் ரிட்ஜ், கடைசி வீடு. அல்மீடா டார்."

"நானும் அங்க வந்துடறேன். இங்க தனியா இருக்க பயமா இருக்கு."

பாவம், வயசானவர் என்று நினைத்துக்கொண்டே ஹெஸ்டர் காரில் ஏறினாள்.

---

மலைப்பாதையில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. கோஸ்கோ கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு ஓட்டினான். பின்னால் ஒரு ஜோடி விளக்கு வந்தது. அவர்கள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகியது.

"மேடம், அது நம்மளைத்தான்..."

"ரோட்டைப் பாரு."

"ரோடு இருந்தா பாக்கமாட்டேனா?"

ஒரு பால் பண்ணை வாசலில் அந்த விளக்குகள் திரும்பி மறைந்தன. கோஸ்கோ சத்தமாக மூச்சு விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, பயத்தை மறைக்கப் பேச்சுக் கொடுத்தான்.

"நேத்து லவுரி குன்று கல்லறைத் தோட்டத்துல ரெண்டு கல்லுக்கு நடுவுல அவ்ளோ நேரம் நின்னீங்களே. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுட்டீங்க."

"ஒண்ணுமில்ல. யாருக்கும் உபயோகமில்லாத விஷயம். சொன்னா ஒரு மனுஷன் மனசு கஷ்டப்படும், அவ்ளோதான்."

பாதை முடிந்த இடத்தில் வீடு இருந்தது. காரை விட்டு இறங்கி இரண்டு எட்டு வைப்பதற்குள் கதவு விரலளவு திறந்தது. அந்த இடுக்கில் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வாய்.

"அங்கேயே நில்லு!"

கோஸ்கோவின் இரண்டு கையும் தானாக மேலே போயின. "அம்மா, நான் கத்தோலிக்கன். ஆனா உங்களுக்கு ஆட்சேபணைன்னா இப்பவே, இந்த நிமிஷமே மாறிக்கறேன்."

"வாயை மூடு தம்பி. அந்தப் பொண்ணு பேசட்டும்."

ஹெஸ்டர் கோட்டுப் பையிலிருந்து ஈய வில்லையை எடுத்து உள்ளங்கையில் நீட்டினாள். நேற்று கால்ட் கொடுத்தது. 'என் பாட்டி வழியா வந்தது. இதைக் காட்டுங்க, யாரா இருந்தாலும் கதவைத் திறப்பாங்க' என்று சொல்லிக் கொடுத்தார்.

துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. கதவு திறந்தது.

எழுபதைத் தாண்டியவள், ஆனால் முதுகு வளையவில்லை. ஆண்பிள்ளை பூட்ஸ், கம்பளிச் சட்டை, ஒரு முழங்கால் மட்டும் மடங்காமல் இழுத்தது. உள்ளே விறகடுப்பில் பெரிய இரும்புச் சட்டியில் ஆப்பிள் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. லவங்க வாசனை. கூழ் தடித்த குமிழ்களாக வெடித்து அடுப்பெல்லாம் தெறித்தது.

"தள்ளி நில்லு தம்பி. மேல பட்டா தோல் உரிஞ்சு வரும்" என்றபடி அல்மீடா வில்லையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். அவள் முகம் மாறியது.

"இதை யாரு குடுத்தா உனக்கு?"

"லவுரி குன்று சபை மூப்பர், மிஸ்டர் கால்ட். அவர் பாட்டியோடதாம்."

"பொய்."

"அம்மா?"

"இங்க பாரு." ஓரத்தில் ஒரு பள்ளம் காட்டினாள். சின்னது, ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் கோணலாக மேலேறியது. "பல்லு. கிளெமோட கோணப்பல்லு. எனக்கு ஒன்பது வயசு, அவனுக்கு எட்டு. குடும்பம் கூடின ஒரு பிக்னிக்ல ரெண்டு பேரும் அவங்கவங்க வில்லையைக் காட்டிக்கிட்டோம். வெள்ளியா ஈயமா, கடிச்சுப் பார்றான்னு நான்தான் உசுப்பி விட்டேன். நறுக்குன்னு கடிச்சிட்டான். அதுக்கு அவன் அப்பன் கிட்ட வாங்கின அடி இருக்கே... அதுக்கப்புறம் பெரியவங்க சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க. பாக்கவே இல்ல." அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "இதை அவன் யாருக்கும் குடுக்க மாட்டானே. எப்படி இருக்கான் கிளெம்?"

கோஸ்கோ தன் ஷூவைப் பார்த்தான்.

"எப்போ?" என்றாள் அல்மீடா.

"போன வாரம். மாடிப்படியில விழுந்து..."

சொல்லும்போதே ஹெஸ்டரின் கண் வில்லைக்குப் போனது. போன வாரம் செத்தவனுடைய வில்லை. நேற்று கால்ட் கையில். ஈய வில்லைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்று நினைத்திருக்கிறார். பழைய ஈயத்தில் பள்ளமும் கீறலும் இல்லாமலா இருக்கும் என்று அவளும் உற்றுப் பார்க்கவில்லை.

"ஏன்?" அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "எதுக்காக?"

"குன்றுக்காக இருக்கும்" என்றாள் அல்மீடா, சட்டியைப் பார்த்துக்கொண்டே. "அந்தக் குன்றைச் சபைக்குக் குடுத்தப்போ போதகர் ஒரு நிபந்தனை போட்டார்னு எங்கப்பா சொல்வார். அங்க பிரசங்கம் ஒரு வருஷம் நின்னுபோனா, குன்று அவர் ரத்தத்துக்கே திரும்பி வரும்."

"மேடம்." கோஸ்கோவின் குரல் கீச்சென்று வந்தது. "நேத்து குன்றைச் சுத்திச் சிவப்புத் துணி கட்டின குச்சிங்க நட்டிருந்துச்சே. எரிவாயுக் கம்பெனிக்காரங்க துளை போட அளக்கறதுன்னு அந்த ஊர்ல சொன்னாங்க. வாரிசுங்க எல்லாரும் போயிட்டா மிச்சம் இருக்கற ஒரே ஆளு..."

ஹெஸ்டரும் கோஸ்கோவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் அவருக்குப் போன் பண்ணினேன்" என்றாள் ஹெஸ்டர். "வழி சொன்னேன்."

வெளியே, பனிக்குள், ஒரு கார் கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது.

---

"துப்பாக்கி!" கோஸ்கோ சுவரோரம் பாய்ந்தான்.

"குண்டு தீர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் அல்மீடா. "நரிக்கு அது தெரியாது. அதனால ஓடுது."

"இந்த நரிக்கும் தெரியாம இருக்கணுமே!"

"பின்வாசல்?" என்றாள் ஹெஸ்டர்.

"தொழுவம். அதுக்கப்புறம் செங்குத்துப் பள்ளம். இந்தக் காலை வச்சிக்கிட்டு நான் இறங்க முடியாது. நீங்க போங்க."

"போகமாட்டோம்" என்றாள் ஹெஸ்டர். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கார்க் கதவு மூடும் சத்தம். "கேளுங்க. நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. அவர் முன்னாடி நீங்க வாரிசு இல்ல. நான் தப்பான ஆளைப் பிடிச்சிட்டேன். உங்களுக்குப் போதகரையும் தெரியாது, கிளெமையும் தெரியாது. உங்க வில்லை எங்கே?"

அல்மீடா ஏப்ரன் பையைத் தொட்டுக் காட்டினாள்.

"அங்கேயே இருக்கட்டும். கோஸ்கோ, எப்பவும் போலப் பேசு."

"எப்பவும் போல எப்படிப் பேசுவேன்னே மறந்துபோச்சு மேடம்."

கதவு தட்டப்பட்டது. மரியாதையாக, மூன்று தரம்.

கால்ட் தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு உள்ளே வந்தார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "எல்லாரும் பத்திரமா இருக்கீங்களே. நன்றி ஆண்டவரே." அல்மீடாவிடம் தலை குனிந்தார். "மிஸ் டார். ரொம்ப நாளா உங்களைப் பாக்க ஆசை."

"மன்னிக்கணும் மிஸ்டர் கால்ட்" என்றாள் ஹெஸ்டர். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே ஆச்சரியம். "வீணா அலைய வச்சிட்டேன். இவங்க வேற டார் குடும்பம். மேரிலாண்டிலேர்ந்து வந்தவங்க. மூணாவது கிளை எப்பவோ அத்துப்போச்சு. வில்லையைக் காட்டினேன், பொத்தானான்னு கேக்கறாங்க." வில்லையை அவரிடம் நீட்டினாள். அவர் விரல் அவள் விரலில் பட்டபோது கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்க முழு பலத்தையும் செலவழித்தாள்.

"அப்படியா?" கால்ட் மெதுவாகக் கேட்டார். "நீங்க தப்பே பண்ண மாட்டீங்களேம்மா."

"இந்த மாசத்துல ரெண்டாவது தடவை சார்" என்றான் கோஸ்கோ. "போன தடவை ஒருத்தர் வம்சத்தைத் தேடித் தேடிக் கடைசியில ஒரு குதிரையோட பேருல போய் முட்டினோம்."

கால்ட் சிரித்தார். அல்மீடா சிரிக்கவில்லை. தடித்த மரக்கரண்டியால் கூழைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"போதகராவது, மந்திரியாவது" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது ஆடுங்க மட்டும்தான். காபி குடிச்சிட்டுப் போங்க. வழியில பனி."

கால்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஹெஸ்டர் உட்கார்ந்தாள். கோஸ்கோ உட்கார்ந்தான். கடைசியாக அல்மீடா காபியை ஊற்றிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தாள். ரொட்டி, வெண்ணெய், போன வருஷத்து ஆப்பிள் கூழ். நான்கு கோப்பைகளிலிருந்தும் ஆவி எழுந்தது. இதைக் குடித்து முடித்தால் எழுந்து போய்விடுவார் என்று ஹெஸ்டர் நினைத்தாள். குடி. குடித்துவிட்டுப் போ.

"ஜெபிச்சிட்டுச் சாப்பிடலாமா?" என்றார் கால்ட். உட்கார்ந்தபடியே கண்களை மூடித் தலையைக் குனிந்தார். "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே..."

ஹெஸ்டரும் கண்களை மூடினாள்.

இருட்டுக்குள் அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. மரத்தரையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம். யாரோ எழுந்து நிற்கிறார்கள்.

கண்ணைத் திறக்காமலே ஹெஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

போதகர் லவுரியின் பழைய சபைக்காரர்கள் பாட்டுக்கு உட்காருவார்கள், ஜெபத்துக்கு எழுந்து நிற்பார்கள். ஆண்டவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசுவது அவர்களுக்கு அவமரியாதை. ஊரெல்லாம் அதை மறந்து நூறு வருஷம் ஆகியும் டார் வீட்டில் மட்டும் மறக்கவில்லை. அல்மீடா பிறந்ததிலிருந்து உட்கார்ந்து ஜெபித்ததே கிடையாது. நாக்கு பொய் சொன்னது. முழங்கால் வலியையும் மீறிக் கால்கள் எழுந்துவிட்டன.

ஜெபம் பாதியில் நின்றது.

ஹெஸ்டர் கண்ணைத் திறந்தாள். கால்ட் அல்மீடாவையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏறக்குறைய பாசத்தோடு. அவர் கையில் சின்னக் கறுப்புத் துப்பாக்கி இருந்தது.

"மேரிலாண்ட்" என்றார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. நம்பிட்டிருப்பேன்."

"சார், ஆமென் சொல்லலியே" என்றான் கோஸ்கோ.

"நீ எந்திரி. அந்த ஓரமா நில்லு. கையைக் காட்டு."

கோஸ்கோ எழுந்து அடுப்போரம் போய் நின்றான். கால்டின் குரல் அப்போதும் உயரவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. "மர வீடு. பழைய அடுப்பு. வந்த விருந்தாளிங்களும் பாவம். இப்படி ஆகும்னு நான் நினைக்கல. நீங்க ரெண்டு பேரும் இதுல வரவேண்டியதே இல்ல."

"கிளெமைத் தள்ளி விட்டியா?" என்று கேட்டாள் அல்மீடா. நின்றுகொண்டேதான் இருந்தாள்.

"அவர் குன்றைப் பத்திக் கேள்விப்படக்கூட இல்ல. கஷ்டமே படல."

அந்த வார்த்தையில் ஹெஸ்டருக்குள் ஏதோ உறைந்து கெட்டியானது. பயம் போகவில்லை. ஆனால் வாய் திறந்தது.

"மிஸ்டர் கால்ட், நேத்து உங்க கல்லறைத் தோட்டத்துல ஒரு விஷயம் பாத்தேன். உங்க மனசு புண்படும்னு சொல்லல. இப்போ சொல்றேன். கெசியாவோட கல்லைப் படிச்சிருக்கீங்களா? முதல் மனைவி?"

"பேச்சு வேண்டாம்."

"அவங்க எந்த வருஷம் செத்தாங்கன்னு போட்டிருக்கு. பத்தடி தள்ளி உங்க ராகேல் பாட்டி. அவங்க எந்த வருஷம், எத்தனை வயசுல செத்தாங்கன்னு போட்டிருக்கு. கழிச்சுப் பாருங்க. கெசியா சாகும்போது ராகேலுக்கு ரெண்டு வயசு."

கால்டின் கண்கள் அசையவில்லை.

"கெசியா உயிரோட இருக்கும்போதே பிறந்தவ ராகேல். போதகர் மனைவிக்குத் துரோகம் பண்ணினார்னு சொல்லப் போறீங்களா? இல்ல அந்த ரெண்டாவது பொண்டாட்டி விதவையா, கையில குழந்தையோட வந்தாங்கன்னு ஒத்துக்கப் போறீங்களா? ரெண்டுல ஒண்ணுதான். அந்தம்மா முதல் புருஷனைப் புதைச்ச ஊரும் எனக்குத் தெரியும். உங்க உடம்புல லவுரி ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. அந்தக் குன்றுல உங்களுக்குக் கைப்பிடி மண்ணுகூடச் சொந்தமில்ல. நீங்க கொன்னது வீணா கொன்னது."

"பொய்!" முதன்முறையாக அவர் குரல் உடைந்தது. "பொய் சொல்றே!" துப்பாக்கி அல்மீடாவை விட்டு ஹெஸ்டரின் முகத்துக்குத் திரும்பியது. குழலின் கறுப்பு வட்டத்தை அவள் பார்த்தாள். அதைத் தவிர அறையில் வேறெதுவும் இல்லாதது போல இருந்தது.

கோஸ்கோ யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான் என்று பிறகு சொன்னான். சட்டியைக் கைப்பிடித் துணியோடு தூக்கி அப்படியே வீசினான்.

கொதிக்கும் ஆப்பிள் கூழ் கால்டின் கையிலும் மார்பிலும் போய் அப்பியது. அவர் போட்ட அலறல் மனிதக் குரலாகவே இல்லை. துப்பாக்கி கூரையைப் பார்த்து வெடித்தது; மரத்தூள் எல்லார் தலையிலும் கொட்டியது. ஹெஸ்டர் மேஜையை முழு பலத்தோடு முன்னால் தள்ளினாள். கால்ட் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார். துப்பாக்கி அடுப்புக்குக் கீழே வழுக்கிப் போனது.

அவர் எழுவதற்குள் அல்மீடா அவர் மார்பில் நல்ல முழங்காலை ஊன்றியிருந்தாள். கம்பளி வெட்டும்போது ஆட்டைக் கட்டும் கயிறு எங்கிருந்து வந்ததென்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு கை, ஒரு கால், ஒரே முடிச்சு.

"துள்ளாதே" என்றாள் அவரிடம், ஆட்டிடம் பேசும் அதே குரலில். பிறகு வாளியிலிருந்து குளிர்ந்த தண்ணீரை மொண்டு அவர் வெந்த கையின் மேல் ஊற்றினாள். "தம்பி, நீ கீழ போய் போலீஸைக் கூட்டிட்டு வா."

கோஸ்கோ கதவு வரைக்கும் போனான். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். "கால் வரமாட்டேங்குது. ஒரு நிமிஷம் குடுங்கம்மா."

ஹெஸ்டர் அடுப்புக்குக் கீழிருந்து துப்பாக்கியை எடுத்தாள். அதைக் கால்டை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையில் கிடந்த கால்ட் முனகலுக்கு நடுவே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ரெண்டு வயசா? ரெண்டு வயசா?"



---

மறுநாள் காலை ஹெஸ்டரின் கார் ஓஹையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வீலிங் நகரத்துக்குள் நுழைந்தது. பின்சீட்டில் அல்மீடா, கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரவு முழுக்க மூன்று பேருமே தூங்கவில்லை. ஒரு லாரி ஹார்ன் அடித்தபோது மூன்று பேரும் ஒன்றாகத் திடுக்கிட்டார்கள்.

"நீ எங்களைத் தேடிக் கண்டுபிடிக்காம இருந்திருந்தா" என்றாள் அல்மீடா திடீரென்று, "கிளெம் இன்னும் குடிச்சிட்டுப் பாடிட்டு இருந்திருப்பான், இல்ல?"

ஹெஸ்டர் ரோட்டையே பார்த்தாள். "ஆமா."

"ஆமாம்னு சொன்னியே, அது போதும். வேற ஏதாவது சொல்லியிருந்தா இங்கேயே இறங்கியிருப்பேன்."

கோஸ்கோ காலையில் சவக்கிடங்குக்குப் போன் போட்டு விசாரித்திருந்தான். கேட்டு வர யாரும் இல்லாததால் கிளெமென்ட் ரட்டை இன்று மதியம் நகராட்சிச் செலவில் ஊர் ஓரத்து மைதானத்தில் புதைப்பதாக இருந்தது. கல் கிடையாது. ஒரு எண் மட்டும்.

சவக்கிடங்கு நீளமான, குளிர்ந்த நடைக்கூடத்தின் முடிவில் இருந்தது. கவுன்டருக்குப் பின்னால் இருந்த இளம்பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"கிளெமென்ட் ரட்டை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்" என்றாள் அல்மீடா.

"அவருக்குச் சொந்தம் யாரும் இல்லைன்னு சொன்னாங்களே மேடம்."

"யாரு சொன்னா?"

"இல்ல... விசாரிச்சதுல..." அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். "நீங்க இறந்தவருக்கு என்ன உறவு?"

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். ஐந்து தலைமுறைக்கு முன்பு பிரிந்த கிளை, மூத்தவன் வழி, இளையவள் வழி, எல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். கோஸ்கோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

அல்மீடா கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"அக்கா" என்றாள். "அக்கான்னு எழுதிக்கோ."